சாருக்குக் கொடுக்காத பக்கங்கள்

எங்கள் பெட்டியில் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்டதில்லை. "இப்ப என்ன படிக்கறே?" என்றுதான் கேட்போம். தாம்பரத்திலிருந்து பீச் போகும் எட்டு மணி ரயில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ஒருவன் சௌக்கியமாக இருக்கிறானா என்பது அவன் முகத்திலேயே தெரிந்துவிடும். என்ன படிக்கிறான் என்பது அட்டையைப் பார்த்தால் தெரிய வேண்டும். எங்கள் புத்தகங்களுக்குத்தான் பெரும்பாலும் அட்டையே இருக்காதே.

அதற்குக் காரணம் பாய். படப்பையிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து எங்களோடு ரயில் ஏறுவார். பாரீஸ் கார்னர் பக்கம் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. புத்தகத்தை ஒருவன் முழுக்கப் படித்து முடித்துக் கொட்டாவி விட்ட பிறகுதான் அடுத்தவன் தொடலாம் என்பதெல்லாம் ஜமீன்தார் வீட்டு வழக்கம். எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு மர்ம நாவல் கைக்கு வந்ததும் பாய் தன் பையிலிருந்து கத்தியை எடுப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார், கசாப்புக் கடைக்காரர் ஆட்டைத் தடவுவது மாதிரி. ஒரே இழுப்பு. புத்தகம் மூன்று துண்டாகிவிடும். முதல் துண்டு ஒருவரிடம், இரண்டாவது அவர் முடிப்பதற்குள் தயாராக. எல்லாரும் படித்து முடித்ததும் சனிக்கிழமை பாய் அதை ஒட்டிக் கொண்டுவந்துவிடுவார். ஒரு தடவை குரோம்பேட்டையில் ஒரு வாடகை நூலகத்துப் புத்தகத்தையே இப்படி அறுத்து ஒட்டித் திருப்பிக் கொடுத்தோம். "ஜாக்கிரதையா வெச்சிருந்து குடுத்திருக்கீங்களே" என்று நூலகக்காரர் என்னைப் பாராட்டினார்.

இதில் என் பங்கு எப்போதும் மூன்றாம் துண்டு. கதையைப் பின்னாலிருந்து படிப்பவன் நான். யார் சாகப்போகிறார்கள், யார் கொன்றார்கள் என்று தெரியாமல் என்னால் ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியாது. கொலைக் கதையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன், ஆனால் வீட்டில் கரப்பான்பூச்சியை அடிப்பது என் மனைவி. நான் கட்டில்மேல் நின்று திசை சொல்வேன். பல்லாவரம் வருவதற்குள் கொலைகாரன் பெயர் எனக்குத் தெரிந்துவிடும். மாம்பலம் வருவதற்குள் பெட்டியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"மச்சான், நீ வாயத் தொறந்தே, உன்னையே மூணா அறுத்துருவேன்" என்பார் பாய்.

"மூணாம் துண்டை எனக்கே குடுத்துடு பாய்" என்பேன்.

இந்தக் கூட்டத்தில் சார் மட்டும் தனி ரகம். எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. அங்கிருந்து சைக்கிளில் வந்து ஸ்டேஷனில் விட்டுவிட்டு, பாண்ட் காலில் மாட்டிய கிளிப்பைக் கழற்ற மறந்து அப்படியே ரயில் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் வேதபாடம் வாசிப்பவர் என்பது அவர் சாதாரணமாகப் பேசும்போதே தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் கடைசி பெஞ்சுவரை போகும். அவர் படிப்பது யுத்த சரித்திரம் மட்டும். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்கள், உள்ளே மடித்துவைத்த தேசப்படங்கள், அம்புக்குறிகள். முதலில் அவற்றில் கத்தி வைக்க விடவில்லை. ஒருநாள் சைதாப்பேட்டையில் ரயில் குலுங்கி, ஆப்பிரிக்கப் பாலைவனம் முழுவதும் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அதற்குப் பிறகு சம்மதித்தார். பாய் அவற்றை அறுக்கமாட்டார். தையல் நூலை மட்டும் எடுத்து, பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாகப் பிரித்து, மெல்லிய அட்டை போட்டுத் தருவார். சார் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே வைத்துக்கொள்வார்.

"எத்தினி வாட்டி படிச்சாலும் அதே ஆளுதானே சார் ஜெயிக்கப்போறான்? இன்னா சஸ்பென்ஸ் கீது இதுல?" என்று பாய் ஒருநாள் கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கதையில ஒருத்தன் செத்தா, அவன் யாரு, எப்படிச் செத்தான்னு இருநூறு பக்கம் தேடறீங்க. இதுல ஒரு வரியில நாப்பதாயிரம் பேர். அதுக்கப்புறம் கமா போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவான். அதான் வித்தியாசம்."

நாங்கள் சிரித்தோம். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

சாருக்கு ஒரே மகன். அவன் சின்ன வயதில் இருக்கும்போதே அம்மா போய்விட்டார். மகன் ராணுவத்தில் இருந்தான். எழுபத்தொன்றாம் வருஷம் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டான். நாற்பது நாள் லீவு. அதில் ஒருநாள் சார் அவனை எங்கள் பெட்டிக்கு அழைத்து வந்தார். ஆறடி, மெல்லிய மீசை, எங்கள் கால்களை மிதித்துவிடக் கூடாதே என்று கூசிக்கொண்டு நின்றான். நான் சும்மா இருப்பேனா?

"எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க தம்பி?"

"இதுவரைக்கும் ஒரு கொசு சார். அதுவும் தப்பிச்சிட்டுது."

பாய்க்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. கிண்டியில் இறங்கி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த ரயிலில் வந்தார்கள் இருவரும்.

அந்த டிசம்பரில் சண்டை வந்தது. தாம்பரத்தில் விமான தளம் இருந்ததால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். ஒரு விமானம் தாழ்வாகப் பறந்தாலும் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். நம்முடைய விமானம்தான் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பேன். மர்ம நாவலுக்கு அது நல்ல இடம். சண்டை இரண்டு வாரம்கூட நடக்கவில்லை. முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று ஊரே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில் சார் ரயிலுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்குள் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மேற்கு எல்லையில் மகனைக் காணவில்லை என்று தந்தி வந்திருந்தது.

அவர் மறுபடி வந்த நாளில் பெட்டியில் யாரும் எதையும் பிரிக்கவில்லை. என்ன படிக்கறே என்று எவனும் கேட்கவில்லை. சார்தான் பேசினார்.

"'மிஸ்ஸிங்'னு போட்டிருக்கான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. இல்லாத வார்த்தையை நாம சேத்துக்க வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்த வாரம் மூர் மார்க்கெட் போவியா? காணாமப் போய் திரும்பி வந்தவங்களைப் பத்தி எதாவது கிடைக்குமா பாரேன். எனக்கு அங்க வந்து நிக்க முடியல."

போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொலை இல்லாத புத்தகம் வாங்கினேன். அதில் ஒரு சிப்பாய் தன் படையிலிருந்து பிரிந்து, மலையில் ஆடு மேய்ப்பவர்களோடு எட்டு மாதம் இருந்துவிட்டு, தாடியோடு ஊர் திரும்புகிறான். சார் அந்த இடத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்து, "எட்டு மாசம்" என்றார். விரல்விட்டு எண்ணினார். ஆகஸ்ட். பெட்டியே ஆகஸ்ட், ஆகஸ்ட் என்று தலையாட்டியது. நான் அன்று ஆபீஸுக்கு, ஏதோ நானே எல்லைக்குப் போய் அந்தப் பையனைத் தோளில் தூக்கிவந்தவன் மாதிரி போனேன்.

இரண்டாவது புத்தகத்தில்தான் என் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது. கடையில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். காணாமல்போனவர்கள் என்று தலைப்பு. எழுதியவர் ஒரு ராணுவ டாக்டர். காணவில்லை என்பது பெரும்பாலும் கிடைக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயர்தான், பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் தேடி எடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை, இதைக் குடும்பங்களுக்குச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை என்று எழுதியிருந்தார். அதே புத்தகத்தின் நடுவில் பதினான்கு மாதம் கழித்து ஒருவன் திரும்பி வருகிறான். எனக்கு அந்தப் பதினான்கு மாதம் வேண்டும், டாக்டர் வேண்டாம். பணம் கொடுத்து வாங்கி, பார்க் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசித் தாள்களைப் பிடுங்கினேன். சொந்தப் புத்தகத்தில் திருடுகிறவனுக்கு ஏன் அப்படி வியர்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

பாய் திங்கட்கிழமை புத்தகத்தை வாங்கி முதுகைத் தடவினார். நின்றார்.

"இன்னா மச்சான் இது? பல்லு புடுங்குனா மாதிரி புடுங்கி வெச்சிகீறே?"

"பழைய புஸ்தகம் பாய். எவனோ..."

"எவனோ இல்ல, நீதான். புதுக் கிழிசல் வெள்ளையா கீது பாரு. ஒரு தாளைப் புடுங்குனா அதோட ஜோடித் தாளு முன்னாடி ஆடும். இதுகூட தெரியாம படிக்க வந்துட்டே."

பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பிடுங்கிய தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சார் வருவதற்குள் காதோடு சொன்னேன். பாய் அந்தக் கிழிசலைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். ரயில் கிளம்பி சானடோரியம் தாண்டியது. பிறகு என் காதருகே குனிந்து, "அடுத்த வாட்டி நீ கை வெக்காதே. எந்தப் பக்கம்னு குறிச்சி மட்டும் குடு. நான் சுத்தமா எடுத்து, ஜோடியை ஒட்டித் தரேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

இப்படித்தான் நாங்கள் இருவரும் கூட்டு சேர்ந்தோம். நான் சனிக்கிழமைதோறும் போய், பின்னாலிருந்து படித்து, சாருக்கு ஆகாத பக்கங்களைக் குறிப்பேன். பாய் எடுப்பார். எங்கள் புத்தகம் எல்லாமே துண்டும் ஒட்டுமாக இருந்ததால் ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்று எவனும் கேட்கமாட்டான் என்பது எங்கள் கணக்கு. எடுத்த தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். என் மனைவி ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு எழுதினது? இங்கிலீஷ்ல எழுதறாளா?"

எனக்கு லவ் லெட்டர் வரும் என்று நம்பிய ஒரே ஜீவன் அவள். ஒரு தாளை மொழிபெயர்த்துச் சொன்னேன். பாதியில் போதும் என்றாள். அவளே கவரைத் திருப்பி வைத்து, மேலே இன்னும் இரண்டு சட்டையை அடுக்கினாள்.

ஆகஸ்ட் வந்து போயிற்று. பதினான்கு மாதத்துக்கு நகர்ந்தோம். அதற்குள் கைதிகளை இரண்டு பக்கமும் மாற்றிக்கொண்டார்கள். பேப்பரில் படம் வந்தது, வரிசையாக ஆட்கள் நடந்து வருகிற படம். சார் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பெட்டி முழுக்க ஆளுக்கொரு தடவை பார்த்தோம். திரும்பியவர்கள் பட்டியலிலும் பெயர் இல்லை, படத்திலும் இல்லை. சார் அந்தப் பேப்பரை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், மேலும் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயிற்றுவலி என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை மூர் மார்க்கெட்டைக் கடைகடையாகச் சலித்தேன். மத்தியானம் ஒரு மூலைக் கடையில் கிடைத்தது. ஒரு கைதி. யாருக்கும் தெரியாமல் எங்கோ ஒரு குளிர் தேசத்து முகாமில் வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் கழித்துக் கதவைத் தட்டுகிறான். மறுநாள் காலை பாய் வேலை செய்யக்கூட நேரம் கொடுக்காமல் அப்படியே சாரிடம் நீட்டினேன்.

அவர் அந்த இடத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி. "பதினோரு வருஷம்" என்றார். "எண்பத்திரண்டு. நான் இருப்பேன் தம்பி. எங்கப்பாவே எண்பது வரைக்கும் இருந்தாரு."

அடுத்த வருஷம் ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறந்துவிட்டதாக அனுமானிக்கப்படுகிறது என்று. சார் அதை எங்களிடம் காட்டினார், மாணவன் தப்பாக எழுதிய விடையைக் காட்டுவது மாதிரி. "இவங்க அனுமானம் பண்றாங்க. நான் சரித்திரம் படிக்கறேன்." கோயிலில் வாராவாரம் கொடுக்கும் ஜெபச் சீட்டில் காணாமற்போன என் மகனுக்காக என்றே எழுதிக் கொடுத்தார். மேடையிலிருந்து போதகர் அப்படியே வாசித்தார். நினைவு ஆராதனை வைக்கலாமா என்று போதகர் ஒரு தடவை கேட்டதற்கு, உயிரோடிருப்பவனுக்கா என்று சார் கேட்டு அனுப்பிவிட்டாராம்.

எழுபத்துநான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மருமகள் மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தது. நான் லுங்கியும் பனியனுமாக, வயிற்றின் மேல் ஒரு கொலையைப் பிரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியாக மாட்டிக்கொண்டு வந்தேன். பச்சைப் புடவை, கையில் கோயிலுக்குப் போய்வந்த பை. கல்யாணத்தன்று பார்த்ததற்கு இப்போது பாதியாக இருந்தது.

"அண்ணா, மாமாவுக்குப் புஸ்தகம் குடுக்கறதை நிறுத்திடுங்க."

"ஏம்மா, வீட்ல வெக்க இடம் இல்லியா?" என்றேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

அது சிரிக்கவில்லை. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசியது.

"எங்க வீட்ல யாரும் அழக்கூடாது அண்ணா. தந்தி வந்த அன்னிக்கு எங்கம்மா ஓன்னு ஆரம்பிச்சாங்க. மாமா வந்து, 'இங்க யாரும் சாகல, அழறதுன்னா வெளிய போய் அழுங்க'ன்னாரு. அதோட சரி. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கலர் புடவை எடுத்துத் தராரு. கட்டிக்கறேன். வெங்காயம் உரிச்சாக்கூட, 'ஏம்மா கண்ணு கலங்கியிருக்கு?'ன்னு வந்து நிக்கறாரு. வெங்காயம் போடறதையே குறைச்சிட்டேன்."

"அப்ப..." என்றாள் என் மனைவி.

"மாடம்பாக்கம் போற ரோட்ல நடப்பேன் அக்கா. ஏரிப் பக்கம். அழலாம்னு போவேன். சரியா அப்பதான் யாராவது சைக்கிள்ல வந்து, 'என்னம்மா, இந்தப் பக்கம்?'னு கேப்பாங்க. திரும்பி வந்துடுவேன்."

பிறகு என்னைப் பார்த்தது. "முதல்ல எட்டு மாசம்னாரு. சரின்னு இருந்தேன். பதினாலு மாசம்னாரு. அதுக்கும் இருந்தேன். இப்ப பதினோரு வருஷம்ங்கறாரு. நீங்க ஒரு புஸ்தகம் குடுத்தா எனக்கு அத்தனை வருஷம் கூடிப்போகுது. நான் அவரோட இருந்தது நாப்பது நாள் அண்ணா. அழறதுக்கு என்கிட்ட அவ்ளோதான் இருக்கு. அதுவும் மறந்துகிட்டே வருது. முகம் போட்டோல இருக்கு. குரல் எப்படி இருக்கும்னு போன மாசத்துலேர்ந்து ஞாபகம் வரமாட்டேங்குது."

கொசு தப்பித்துவிட்டது என்று அந்தப் பையன் சொன்ன குரல் எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லாமல் சட்டைப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தது. ஏழு புத்தகங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிரண்டு அத்தியாயத் தலைப்புகள், அழகான கையெழுத்தில். "பொருளடக்கத்துல இருக்கு, உள்ள இல்ல. நானும் படிக்கறேன் அண்ணா, மாமா தூங்கினப்புறம். நீங்கதானே?"

"நான்தாம்மா."

"எங்க இருக்கு?"

பீரோவைக் காட்டினேன். என் மனைவி எழுந்து போய்க் கவரை எடுத்துவந்தாள். பெண் அதைத் தொடவில்லை.

"எனக்கு வேணாம். அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். மாமாகிட்ட குடுங்க."

மறுநாள் ரயில் கிளம்புவதற்கு முன்பே போய்ப் பாயிடம் சொன்னேன். நான் ஏதாவது சாக்குக் கிடைக்குமா என்று பார்த்தேன். ஜுரம், லீவு, அடுத்த வாரம், அடுத்த மாதம்.

"நீ குறிச்சே, நான் எடுத்தேன். ரெண்டு பேருமா சேந்து அந்தப் பொண்ணு வாயப் பொத்தி வெச்சிக்கினு இருந்திருக்கோம்" என்றார் பாய். "குடுத்துரு. நீ குடுக்கலேன்னா நான் குடுப்பேன்."

சார் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரயில் நகர்ந்தது. "என்ன படிக்கறே தம்பி?" என்றார் வழக்கம்போல.

கவரை நீட்டினேன். அவர் பிடிப்பதற்குள் விட்டுவிட்டேன், அது அவர் மடியில் விழுந்தது.

மேலே இருந்த முதல் தாளைப் பார்த்தார். மற்றவற்றையும் எடுத்தார். பதினோரு தாள்கள். முதலில் அவற்றைப் புத்தகவாரியாகப் பிரித்தார், பக்க எண் பார்த்து அடுக்கினார். பிறகு படிக்க ஆரம்பித்தார். குரோம்பேட்டையில் ஏறிய கூட்டம் எங்கள் மேல் சாய்ந்தது. மீனம்பாக்கத்தில் ஒருவர் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்றார். சார் தள்ளி உட்கார்ந்து படித்தார். எதையும் தாவவில்லை. நான் பின்னாலிருந்து படிப்பவன், அவர் முன்னாலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பவர் என்பதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். சைதாப்பேட்டையில் முடித்தார்.

"பொருளடக்கம்னு ஒண்ணு இருக்கு தம்பி. அதைக் கிழிக்க மறந்துட்டே."

"தெரியுமா சார்?"

"முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவன். எவன் எந்தக் கேள்வியை விட்டுட்டான்னு பாக்கறதுதானே என் வேலை."

"அப்ப ஏன் சார் கேக்கல?"

"நீ எடுக்கலேன்னா நானே எடுத்திருப்பேன். எனக்கு அந்த வேலையை வெக்காம நீ செஞ்சே. உன்மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு உனக்குத் தெரியாது." தாள்களைக் கவருக்குள் போட்டார். "அது இருக்கட்டும். இத்தனை நாள் குடுக்காம இன்னிக்கு ஏன் குடுத்தே?"

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"உங்க மருமவப் பொண்ணு அழணுமாம் சார்."

சார் அவரையே பார்த்தார். "அவளா சொன்னா?"

"ஆமா சார். நேத்து இவன் வூட்டுக்கு வந்து சொல்லிகீது."

"அவ அழறதுக்கு என்னைக் கேக்கணுமா?"

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். அவரே, "ஆமா. கேக்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மாம்பலத்தில் இறங்கினார். இறங்குகிற இடமில்லை அது. பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். அன்றைக்கு மூன்று இடங்களில் மூன்று பேரின் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் விழுந்திருக்கும். எதிர்ப்பக்க ரயில் காலியாக வந்தது. தாம்பரத்தில் இறங்கியதும் சைக்கிளை எடுக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். சைக்கிள் நினைவுக்கே வரவில்லை போலிருக்கிறது. நினைவுபடுத்த எங்களுக்கும் தைரியமில்லை.

வீட்டுக்குப் போனபோது மருமகள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தது. அகால நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்தது. எங்களையும் கூடப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"என்ன மாமா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." சார் நாற்காலியில் உட்காரவில்லை. வகுப்பில் நிற்பது மாதிரி நின்றார். கையில் கவர். "நான் எல்லாத்தையும் படிச்சிட்டேம்மா. நீ... அழணும்னா அழுதுக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இனிமே சொல்லமாட்டேன்."

இப்படிச் சொன்னால் யாருக்கு அழுகை வரும்? பெண் அப்படியே நின்றது. கையிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. நானும் பாயும் சுவரோரம் நின்றோம், ஒரு பெண் அழுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மாதிரி. வெட்கமாக இருந்தது. போய்விடலாம் என்று பாயின் கையைப் பிடித்தேன். பெண்ணின் உதடு ஒருபக்கம் இழுத்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சத்தம் வந்தது. ஆனால் அது சாரிடமிருந்து வந்தது.

கடைசி பெஞ்சுவரை போகிற அந்தக் குரலை அவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கவர் கீழே விழுந்து தாள்கள் சிதறின. நாற்காலியைத் தேடினார். அது கைக்குக் கிடைக்காமல் சுவரைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திணறி மூச்சு வாங்கி மறுபடி கூப்பிட்டார். பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தது. அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, சட்டையெல்லாம் நனைந்தது. அது எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தது. அதன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மூன்று வருஷம் காத்திருந்து இன்றைக்கும் அதற்கு முறை வரவில்லை.

"அழாதீங்க மாமா" என்றது. "வந்துருவாரு மாமா. நீங்கதானே சொன்னீங்க, பதினோரு வருஷம் கழிச்சிக்கூட வந்திருக்காங்கன்னு. இன்னும் எவ்வளவோ இருக்கு. வந்துருவாரு. அழாதீங்க."

நானும் பாயும் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.